ஊர் ரேட்டைவிட 50 ரூபாய் கூடக் கொடுத்தும் சைட்டில் ஆள் நிற்கவில்லை: முதலில் எதைப் பார்ப்பது?

கோவை_ஸ்டில்ட்4 (கேள்வி)

வணக்கம்ங்க. சரவணம்பட்டி பக்கம் ரெண்டு பிளாக் அபார்ட்மென்ட். ஸ்டில்ட்டுக்கு (கீழ்த்தள பார்க்கிங்) மேல நாலு மாடி, ஒரு தளம் சுமார் 2,000 சதுர அடி. ஏ பிளாக்ல மூணாவது ஸ்லாப் போட்டாச்சு, கீழே செங்கல் கட்டு ஓடுது. பி பிளாக்ல முதல் ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கற ஷீட்டும் முட்டும்) அடிக்கிறாங்க. கொத்தனார், சித்தாள், கையாள், சென்ட்ரிங், கம்பி எல்லாம் சேர்த்து 45 பேர் வேணும். 30 பேரைத் தாண்ட மாட்டேங்குது.

ஆள் வராம இல்லைங்க. வர்றாங்க, நிக்கறதில்லை. சித்தாளுங்க ஒரு வாரம், பத்து நாள் பார்த்துட்டு வேற சைட்டுக்குப் போயிடறாங்க. கம்பி வேலைக்கு வந்த ஒடிசா தம்பிங்க ஃபூட்டிங் (அஸ்திவாரம்), காலம் (தூண்) வரைக்கும் நல்லா செஞ்சாங்க. ஸ்லாப் வேலை ஆரம்பிச்சதும் பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. பீகார் கையாளுங்க சத் பூஜைக்கு ஊருக்குப் போனதுல பாதிப் பேர்தான் திரும்பினாங்க.

இத்தனைக்கும் பக்கத்து சைட்டைவிட தலைக்கு 50 ரூபாய் கூடத்தான் தர்றோம். இன்னும் 50 ஏத்தலாம், இல்லேன்னா ரெண்டு வாரக் கூலியைப் பிடிச்சு வெச்சுக்கலாம், அப்பத்தான் ஓட மாட்டாங்கன்னு பார்ட்னர் சொல்றார். எனக்கு ரெண்டுமே சரியாப் படலை. விவரம் தெரிஞ்சவங்க எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

மஸ்டர்_நோட்டு

ரேட்டைத் தொடாதீங்க சார். ஆள் நோட்டை எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்க. கடைசி மூணு மாசத்துல நின்னவங்க எல்லார் பேரையும் எழுதி, எத்தனை நாள் வேலை பார்த்தாங்கன்னு பக்கத்துல போடுங்க. 15 நாளுக்குள்ள போனவங்க, 15 நாளுக்கு மேல மூணு மாசம் வரைக்கும் இருந்து போனவங்க, அதுக்கும் மேல இருந்து போனவங்கன்னு பிரிங்க. மூணும் வேற வேற வியாதி.

15 நாளுக்குள்ள போறவங்க, சொல்லி அழைச்சுட்டு வந்தது ஒண்ணு, இங்கே பார்த்தது ஒண்ணுங்கிறதால போறாங்க. தங்குற ரூம், கூலி, ஓவர்டைம், சாப்பாடு, இதுல ஏதோ ஒண்ணு பொய்யாப் போயிருக்கும். நடுவுல போறவங்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேலை இல்லாத நாளும் சம்பளம் இழுக்கறதும். மூணு மாசம் தாண்டிப் போறவங்க உடம்பு, குடும்பம், ஊர் வேலை, ரேட் ஏறாதது, இப்படிப் போவாங்க. கடைசி வகையை நீங்க முழுசா நிறுத்த முடியாது. முதல் ரெண்டு வகை முழுக்க உங்க கையிலதான் இருக்கு.

இப்ப அந்த 50 ரூபாய் கணக்கைப் பார்ப்போம். பேச்சுக்குப் பக்கத்து சைட்ல கொத்தனாருக்கு 1,050, உங்க கிட்ட 1,100ன்னு வெச்சுக்குங்க. அங்கே மாசம் 25 நாள் வேலை ஓடினா அவர் கைக்கு 26,250. உங்க சைட்ல எம் சாண்ட் வரலை, செங்கல் லோடு வரலை, ஸ்லாப் காயணும்னு அஞ்சு நாள் போனா 20 நாளைக்கு 22,000. அந்த 26,250ஐ அவர் 20 நாள்ல எடுக்கணும்னா நாள் கூலி 1,312 ஆகணும். நீங்க கொடுக்கறது 50, அவருக்குக் குறையறது 212. ரூம் வாடகை, மெஸ் காசு, ஊருக்கு அனுப்பற பணம் எதுவும் வேலை இல்லாத நாள்ல நிக்கறதில்லை. பார்ட்னர் சொல்ற மாதிரி இன்னொரு 50 ஏத்தினாலும் இந்தப் பள்ளம் மூடாது.

ஆக, ஆளுக்கு மாசம் எத்தனை நாள் வேலை கொடுத்தீங்கன்னு முதல்ல எண்ணுங்க. அவர் லீவு போட்ட நாளை விடுங்க, வந்தும் வேலை கொடுக்காத நாளை மட்டும் எண்ணுங்க. அரை ஆள் (அரை நாள் கூலி) போட்டு அனுப்பின நாளையும் சேர்க்கணும். காலையில 9 மணிக்கு வந்தவரை மழைன்னு 11 மணிக்கு அனுப்பினா என்ன கூலி? எத்தனை மணி தாண்டினா அரை ஆள், எத்தனை மணி தாண்டினா முழு ஆள்? இதை வேலைக்கு வர்ற அன்னிக்கே சொல்லணும். மழை வந்த பிறகு சொன்னா சண்டைதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல சைட்டை விட்டுப் போறவங்கள்ல நிறையப் பேர் மழைக்காகப் போறதில்லை, இந்த அரை ஆள் தகராறுலதான் போறாங்க.

சேலம்_கம்பி

அண்ணே, கம்பி ஆளுங்க ஏன் ஸ்லாப்புல கழண்டாங்கன்னு நான் சொல்றேன். டன் ரேட்டுக்குத்தானே, கட்டற கம்பி எடைக்கு இவ்வளவுன்னு, விட்டிருக்கீங்க? எல்லா சைஸுக்கும் ஒரே டன் ரேட்டா? அப்படின்னா அவங்க போனதுல ஆச்சரியமே இல்ல.

25 எம்எம் கம்பி மீட்டருக்கு 3.85 கிலோ. ஒரு டன்னுன்னா 260 மீட்டர். 12 மீட்டர் நீளத்துல 22 கம்பிகூட முழுசா வராது. ரெண்டு பேர் தூக்கிப் போட்டு, எல் வளைச்சு, காலத்துல நிறுத்தினா டன் ஏறிக்கிட்டே போகும். 8 எம்எம் மீட்டருக்கு 0.395 கிலோ. ஒரு டன்னுன்னா 2,530 மீட்டர். 9க்கு 12 இஞ்ச் பீமுக்கு ஒரு ரிங் (பீம் கம்பிகளைச் சுத்திப் போடற வளையம்) கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் சொச்சம், எடை 400 கிராம். ஆக ஒரு டன்னுக்கு 2,500 ரிங். ஒரு ரிங்குக்கு மூணு மூலை, ரெண்டு கொக்கி, அஞ்சு வளைப்பு. 12,500 வளைப்பு வளைச்சாத்தான் ஒரு டன். அப்புறம் அதை மேல தூக்கி, ரிங்குக்கு நாலு முடிச்சு கட்டணும், 10,000 முடிச்சு. ரெண்டுக்கும் ஒரே காசுன்னா யார் நிப்பாங்க? ஃபூட்டிங்லயும் காலத்துலயும் சம்பாதிச்சதை ஸ்லாப்புல விடணும்னு அவனுக்கு நல்லாவே தெரியும். கனமான கம்பி முடிஞ்ச அன்னிக்கே அடுத்த சைட்ல ஃபூட்டிங் எங்கேன்னு தேடிப் போயிடுவான்.

செய்ய வேண்டியது: 8 எம்எம்முக்குத் தனி ரேட், 10ம் 12ம் ஒரு ரேட், 16க்கு மேல ஒரு ரேட். மொத்தத் தொகை உங்களுக்குப் பெருசா மாறாது. பில்டிங் முழுசுக்கும் வர்ற கம்பி அட்டவணையை வெச்சு, முன்னாடி ஒரே ரேட்ல வந்த மொத்தத்தையே மூணாப் பிரிச்சுப் போடலாம். காலத்துல கொஞ்சம் குறையும், ஸ்லாப்புல ஏறும், கேங் கடைசி வரைக்கும் இருக்கும். இல்லேன்னா ரிங்கை மட்டும் எண்ணிக்கைக்கு விட்டுடுங்க, ஒரு ரிங்குக்கு இவ்வளவுன்னு. கரன்ட்ல ஓடற வளைக்கிற மெஷின் ஒண்ணு வாடகைக்கு எடுத்துப் போட்டீங்கன்னா இன்னும் நல்லது. கையால சாவி போட்டு வளைக்கிறவனுக்கு மணிக்கட்டும் தோளும் ரெண்டு வருஷத்துல போயிடும்.

எடை எப்படிப் போடறீங்கன்னும் பாருங்க. லாரி எடைச் சீட்டுப்படியா, டிராயிங்ல இருக்கற நீளத்தை வெச்சா? லேப் நீளம் (கம்பியோட கம்பி சேர்ற இடம்), சேர் (மேல் கம்பியைத் தாங்கற கம்பி), வெட்டுப்பட்ட துண்டு இதெல்லாம் யார் கணக்குன்னு முன்னாடியே பேசலைன்னா, பில் போடறப்ப நூறு கிலோ இருநூறு கிலோன்னு குறையும். கேங்ல இருக்கற பையனுக்கு அந்தக் கணக்கு புரியாது, ஏமாத்திட்டாங்கன்னு மட்டும் புரியும்.

பூச்சு வேலையிலயும் இதே கதைதான். சுவர்ப் பூச்சுக்கும் சீலிங் பூச்சுக்கும் ஒரே சதுர அடி ரேட் போட்டா, சுவர் முடிஞ்சதும் கொத்தனார் காணாமப் போவார். சீலிங், நாலாவது மாடி வெளிப்பூச்சு, ஜன்னல் ஓரம் இதுக்கெல்லாம் தனி ரேட் வேணும். ஓரத்தை ரன்னிங் அடியில (நீளக் கணக்குல) அளந்து கொடுங்க. சாரம் கட்டற கூலியைப் பூச்சு ரேட்டுக்குள்ள அடைக்காதீங்க.

கோவை_ஸ்டில்ட்4

ஒரே டன் ரேட்தாங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு நினைச்சு விட்டோம். கம்பி அட்டவணையைப் பிரிச்சுப் பார்க்கறேன். வேலை இல்லாத நாளைப் பத்தி ஒரு சந்தேகம். ஸ்லாப் போட்ட பிறகு முட்டு எடுக்கற வரைக்கும் சென்ட்ரிங் ஆளும் கம்பி ஆளும் சும்மாதான் இருக்காங்க. இதுக்கு என்ன பண்றது?

மஸ்டர்_நோட்டு

ஒரே செட் ஷீட், ஒரே செட் முட்டு வெச்சு ரெண்டு பிளாக் ஓட்டறீங்கன்னு நினைக்கிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்றது இதுதான். பக்கவாட்டு ஷீட் 16லிருந்து 24 மணி நேரத்துல எடுக்கலாம். ஸ்லாப் அடி ஷீட்டை 3 நாள்ல எடுக்கலாம், ஆனா எடுத்த கையோட முட்டைத் திரும்ப அடியில நிறுத்திடணும். முட்டை முழுசா எடுக்க 4.5 மீட்டர் வரைக்கும் ஸ்பான் (தாங்கற இடங்களுக்கு நடுவுல உள்ள தூரம்) இருக்கற ஸ்லாப்புக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21. இது ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லாண்ட்) சிமென்ட்டுக்கான கணக்கு. பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) போட்டிருந்தா இன்னும் கூட விடணும்.

இதுல கவனிச்சீங்கன்னா, மாட்டிக்கிட்டு நிக்கறது ஷீட் இல்லை, முட்டுதான். ஷீட் அங்கிருந்து சீக்கிரம் விடுபடும். முட்டு ரெண்டு செட், ஷீட் ஒரு செட் வெச்சா ஏ பிளாக்ல முட்டு நிக்கறப்பவே ஷீட்டை பி பிளாக்குக்குக் கொண்டுபோகலாம். ஜாக்கி (இரும்பு முட்டு) வாடகை ஒரு மாசத்துக்கு எவ்வளவு ஆகும், ஆள் போனதால ஸ்லாப் பத்து நாள் தள்ளிப்போனா எவ்வளவு ஆகும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. ரெண்டு பிளாக்கும் ஒரே வாரத்துல ஸ்லாப்புக்கு வராம ஒண்ணுக்கொண்ணு ஒரு வாரம் தள்ளி ஓட்டுங்க. ஏ பிளாக்ல கான்கிரீட் போட்ட மறுநாள் கம்பி ஆள் பி பிளாக்ல பீம் கட்டணும், சென்ட்ரிங் ஆள் அங்கே ஷீட் அடிக்கணும். நடுவுல ஒரு நாள் ரெண்டு நாள் விழுந்தா அடுத்த மாடிக்கு ரிங் வளைக்க விடுங்க.

ஆனா ஒண்ணு. ஆளுக்கு வேலை கொடுக்கணும்கிறதுக்காக முட்டை ஒரு நாள்கூட முன்னாடி உருவாதீங்க. விழுந்தா அடியில இருக்கறதும் அதே ஆளுங்கதான்.

சனிக்கிழமை_அஞ்சு_மணி

அந்த 50 ரூபாய் ஆள் கைக்குப் போகுதான்னு யாராவது பார்த்தீங்களா? நீங்க மேஸ்திரி கிட்ட தலைக்கு இவ்வளவுன்னு கொடுக்கறீங்க. அவர் ஆளுக்கு எவ்வளவு சொல்லிக் கூட்டிட்டு வந்தார்? தலைக்கு 50, 100ன்னு மேஸ்திரி எடுக்கறது ஊரறிஞ்ச விஷயம். ஆளைத் தேடிப் பிடிச்சு, பஸ் காசு போட்டுக் கூட்டிவந்து, வராத அன்னிக்கு வேற ஆள் வைக்கிறவர், அவருக்கும் கூலி வேணும்தான். அதை வெளிப்படையாத் தனியாக் கொடுத்துடுங்க, ஒரு ஆள் நாளுக்கு இவ்வளவுன்னு. ஆள் கூலியை ஆள் கிட்டயே கொடுங்க. கூலியோட கலந்து கொடுத்தா எங்கே நிக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது.

வாரம் ஒருநாள் மேஸ்திரி இல்லாதப்ப நாலு பேர் கிட்ட, போன வாரம் எத்தனை ஆள், கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சும்மா கேளுங்க. உங்க நோட்டோட ஒத்துப்போகலைன்னா காரணம் கிடைச்சாச்சு.

அடுத்தது நேரம். சனிக்கிழமை சம்பளம்னா சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்குக் கைக்கு வரணும். ஓனர் பேங்க்ல இருக்கார், வந்துக்கிட்டே இருக்கார்னு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மணல் மேல உட்கார வெச்சா, ஞாயித்துக்கிழமை பூரா அடுத்த சைட் மேஸ்திரிக்குத்தான் போன் போகும். மளிகை, சீட்டு, வாரவட்டி எல்லாம் சனிக்கிழமை ராத்திரிக்குள்ள கட்ட வேண்டியவங்க. உங்க பணம் வெள்ளிக்கிழமையே தயாரா இருக்கணும். புரோமோட்டர் கிட்டயிருந்து ரன்னிங் பில் (முடிஞ்ச வேலைக்கான பணம்) வரலைங்கிறது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அதைக் கூலி ஆள் தலையில இறக்கற சைட் எதுவும் நிலைச்சதில்லை. ரெண்டு வாரக் கூலிக்குச் சமமான பணம் எப்பவும் தனிக் கணக்குல இல்லாம லேபர் வேலை எடுக்கவே கூடாதுங்கிறது என் கருத்து.

மாசச் சம்பளம், வாரச் செலவுக் காசு முறையில இருக்கற வட மாநிலத் தம்பிங்களுக்கு சின்ன நோட்டு ஒண்ணு கொடுங்க. தேதி, எத்தனை ஆள், ஓவர்டைம், வாங்கின செலவுக் காசு, மீதி. இதே நோட்டு உங்க கிட்டயும் ஒண்ணு. வாரம் ஒருமுறை ரெண்டையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் கூட இருக்கற பையனை வெச்சுப் பார்த்துக்குவார். மாசக் கடைசியில தகராறே வராது.

பார்ட்னர் சொன்ன பிடித்தம் வேண்டவே வேண்டாம். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21லிருந்து அமல்ல இருக்கு. வேலையை விட்டவருக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். தினக்கூலியை அன்னன்னிக்கே, வாரக்கூலியை அந்த வாரத்துக் கடைசி வேலை நாள்ல கொடுக்கணும். சட்டத்தை விடுங்க, நடைமுறையிலயும் அது வேலைக்காகாது. பணத்துக்காக நிக்கிறவர் வேலையில கை வைக்க மாட்டார், பண்டிகைக்கு முன்னாடி மொத்தமா வாங்கினதும் போயிடுவார், போனவர் ஊர்ல பத்துப் பேர் கிட்ட சொல்வார். அட்வான்ஸை அள்ளிக் கொடுத்துக் கட்டிப்போடறதும் இதே தப்புதான். கடன் தீராம போகக் கூடாதுன்னு நிறுத்தினா அது கொத்தடிமை முறை, 1976 சட்டத்துல குற்றம். அவசரத்துக்கு ஒரு வாரக் கூலி அளவுக்குக் கொடுத்து, நாலு வாரத்துல கழிங்க. போதும்.

தளப்பொறியாளர்_திருச்சி

சித்தாள் பத்து நாளில் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கூலியைப் பற்றி யோசிப்பதற்கு முன் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல சைட்டுகளில் ஒரே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் டிரம் தூரத்தில், பக்கத்தில் ஆண்கள் தங்கும் ஷெட். அங்கே போக முடியாமல் காலை வீட்டில் கிளம்பியதிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். ஏப்ரல், மே வெயிலில் சட்டி சுமந்துகொண்டு இப்படி இருந்தால் சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்? இரண்டு நாள் வயிறு வலி என்று லீவு, மூன்றாம் நாள் வேறு சைட். உங்கள் நோட்டில் "ஆள் வரவில்லை" என்று மட்டும் இருக்கும்.

தீர்வு பெரிய செலவு இல்லை. பெண்களுக்கு மட்டும் ஒரு கழிப்பறை, உள்தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், மூடியுள்ள குப்பை வாளி, சாயங்காலம் கை கால் கழுவிப் புடவை மாற்றிக்கொள்ள ஒரு மறைவு. 20 பெண்களுக்கு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு. மேல்மாடியில் வேலை ஏற ஏற கீழே இறங்கி வருவதே ஒரு வேலையாகிவிடும். அதனால் இடையில் பத்து நிமிட இறக்கத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

அடுத்தது பஸ். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் அந்த பஸ் நிற்கும் இடத்தை வைத்தே சைட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் சைட் நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே என்றால், காலையில் 8.45க்கும் மாலை 5.30க்கும் ஒரு வேன் நடை போட்டுக் கொடுங்கள். கான்கிரீட் நாளில் இரவு எட்டு வரை நிறுத்தினால் வீடு வரை கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு. ஓவர்டைம் கூலி இரண்டு மடங்கு என்பது சட்டம். வடையும் டீயும் அதற்கு ஈடாகாது.

வேலையின் பாரத்தையும் பாருங்கள். கலவைச் சட்டியை மூன்றாம் மாடிக்குத் தலையில் சுமக்க வைக்கும் சைட்டும், சின்ன லிஃப்ட் மெஷின் வைத்திருக்கும் சைட்டும் ஒரே கூலி கொடுத்தால் ஆள் எங்கே போவார் என்று கேட்கவே வேண்டாம். இரண்டாவது மாடியைத் தாண்டினால் லிஃப்ட் இல்லாமல் செங்கலும் கலவையும் ஏற்றக் கூடாது.

இன்னொன்று, என் மனதில் நெடுநாளாக இருப்பது. பதினைந்து வருடம் சித்தாளாக இருக்கும் பெண்ணுக்குக் கலவையின் பதம், மட்டம், தூக்குக்குண்டு எல்லாம் தெரியும். ஆனாலும் கரண்டி கைக்கு வருவதில்லை, கூலியும் சித்தாள் கூலியைத் தாண்டுவதில்லை. டைல்ஸ் இடைவெளி நிரப்புவது, பாயிண்டிங், சீலிங் கொத்துவது, நீராற்றலை (கான்கிரீட் காயாமல் தண்ணீர் விடுவதை) பொறுப்பாகப் பார்ப்பது, இவற்றில் தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கூலியை அரைக் கொத்தனார் அளவுக்கு உயர்த்துங்கள். ஸ்லாப்பில் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு நிரந்தரப் பொறுப்பும் கூடுதல் கூலியும் கொடுத்தால் அவர் போக மாட்டார். அவரைச் சார்ந்து வரும் நான்கு பேரும் போக மாட்டார்கள். சித்தாள்கள் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து கூட்டமாகத்தான் வருகிறார்கள்.

பழைய_கான்ட்ராக்ட்

இதெல்லாம் சரிதான் அம்மா. ஆனா இந்தத் தலைமுறைப் பசங்களுக்கு வெயில்ல நிக்கவே பிடிக்கலை. பைக் இருந்தா டெலிவரிக்குப் போறான், இல்லேன்னா திருப்பூர் கம்பெனிக்குப் போறான். என்ன வசதி செஞ்சாலும் நம்ம ஊர் ஆள் இந்தத் தொழில்ல நிக்க மாட்டான்.

தளப்பொறியாளர்_திருச்சி

ஐயா, டெலிவரி வேலையும் வெயிலில்தான், பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கத்தான் வேண்டும். அங்கே வருமானம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறது, கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, "டேய் வாடா" என்று யாரும் கூப்பிடுவதில்லை. கொத்தனாரின் மகன் இந்தத் தொழிலுக்கு வராததற்கு வெயில் மட்டும் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா ஐம்பது வயதில் முதுகு வலியோடு, கையில் சேமிப்பில்லாமல் வீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் அவன். ஐம்பது வயது கொத்தனாரைச் சாரத்தில் ஏற்றாமல், கீழே இரண்டு பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்து அதே கூலியைக் கொடுத்துப் பாருங்கள்.

கேம்ப்_ஓஎம்ஆர்

வட மாநிலத் தம்பிகள் திரும்பி வராதது பற்றி. அவங்க ஊருக்குப் போறதைத் தடுக்க நினைக்காதீங்க. தடுத்தா சொல்லாமப் போவாங்க, அவ்வளவுதான். எப்பப் போவாங்கங்கிறது முன்னாடியே தெரிஞ்ச விஷயம். சத் பூஜை தீபாவளி முடிஞ்ச ஆறாவது நாள். மார்ச்ல ஹோலி. ஜூன் ஜூலையில நாற்று நடவு, நவம்பர் வாக்குல அறுவடை. ஊர்ல தேர்தல்னா அதுக்கும் போவாங்க. ரயில் முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. 70 நாள் இருக்கறப்பவே யார் யார் போறீங்கன்னு பேர் எழுதி, மூணு செட்டாப் பிரிச்சு, போக டிக்கெட் எடுக்கறப்பவே திரும்பற தேதியையும் பேசிடுங்க. திரும்பற டிக்கெட் செலவு உங்களுது. கோவை வழியாப் போற தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல பண்டிகைச் சமயத்துல டிக்கெட் கிடைக்கறது குதிரைக்கொம்பு. டிக்கெட் கிடைக்காம ஊர்லயே இருந்தவன், அங்கே வேற மேஸ்திரி சூரத்துக்கோ பெங்களூருக்கோ கூப்பிட்டா அங்கே போயிடுவான். உங்க மேல கோபம் எதுவும் இருக்காது.

போறதுக்கு முன்னாடி கணக்கை முழுசா முடிச்சுக் கொடுங்க. மீதியைத் திரும்பி வந்தா தர்றேன்னு வெச்சா வருவான்னு நினைக்கறது தப்பு. கைநிறையப் பணத்தோட வீட்டுக்குப் போனவன்தான் தம்பியையும் கூட்டிட்டு வர்றான்.

தங்குற இடம்: பத்துக்குப் பத்து தகர ரூம்ல எட்டுப் பேரைப் போடாதீங்க, நாலு பேர். தகரத்துக்கு மேல தென்னங்கீத்தோ, கீழே ஒரு பொய்க்கூரையோ போட்டாத்தான் கோடையில ராத்திரி தூங்க முடியும். தூங்காதவன் காலையில சாரத்துல ஏறினா என்ன ஆகும்னு சொல்லவேண்டியதில்லை. ரூமுக்கு ஒரு ஃபேன், ஆளுக்கு ஒரு சார்ஜ் பாயிண்ட், பூட்டுப் போடற பெட்டி. குளிக்கவும் கழிப்பறைக்கும் ஆளுக்குத் தினம் 70 லிட்டராவது தண்ணி வேணும். 30 பேருக்கு 2,100 லிட்டர், அவ்வளவு பிடிக்கற டேங்க் காலையில அஞ்சு மணிக்கு முழுசா இருக்கணும். குடிக்கற தண்ணி தனி.

சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், உள்ளூர் முகவரிச் சான்று கேக்கறதில்லை. விறகு தேடி கட்டுமானப் பலகையை எரிக்கறதும் நிக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்லிருந்து இருக்கு. ஊர்ல தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக் கீழ கார்டு இருந்தா இங்கே கைரேகை வெச்சு அரிசி, கோதுமை வாங்கலாம். ஆதார் இணைப்பு இருக்கான்னு பார்த்து, பக்கத்து ரேஷன் கடைக்கு ஒருத்தரைக் கூட அனுப்பி வையுங்க. முதல் தடவை மொழி தெரியாமத்தான் திரும்பி வந்துடறாங்க.

அப்புறம் ஹிந்தியோ ஒடியாவோ பேசற ஒரு சூப்பர்வைசர், அவங்கள்லயே ஒருத்தர். தமிழ்ல கத்தினா அவனுக்குப் புரியறது திட்டு மட்டும்தான்.

கோவை_ஸ்டில்ட்4

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நோட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். போனவங்கள்ல பாதிக்கு மேல முதல் 15 நாளுக்குள்ளயே போயிருக்காங்க. ரெண்டு பேருக்குப் போன் போட்டேன். சித்தாள் அக்கா ஒருத்தங்க சொன்னது கழிப்பறை, பஸ். கையாள் ஒருத்தர் சொன்னது, எங்க கணக்குல 50 கூட இருக்கு, அவர் கைக்குப் பக்கத்து சைட்டைவிட 20 குறைச்சலாத்தான் போயிருக்கு. டன் ரேட்டை மூணாப் பிரிச்சு கம்பி மேஸ்திரி கிட்ட பேசறேன். முதல் 15 நாளுக்குன்னு தனியா எதாவது செய்யணுமா? நல வாரிய அட்டை எடுத்துக் கொடுத்தா நிப்பாங்களா?

சனிக்கிழமை_அஞ்சு_மணி

வாரிய அட்டை ஆளை உங்க சைட்ல நிறுத்தாது. எந்த சைட்டுக்குப் போனாலும் அது அவரோடயே போகும், அப்படித்தான் இருக்கணும். ஆனாலும் எடுத்துக் கொடுங்க. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்து இருக்கு. பில்டிங் செலவுல 1 சதவீதம் செஸ் (தொழிலாளர் நல நிதிக்கான வரி) ஏற்கெனவே கட்டியிருக்கீங்க, அந்தப் பணத்துல உதவி வாங்க வேண்டியவங்க இவங்கதான். 18லிருந்து 60 வயசுக்குள்ள இருக்கணும், 12 மாசத்துல 90 நாள் கட்டுமான வேலை பார்த்திருக்கணும். வேலை பார்த்ததுக்கான சான்றைக் கொடுக்க நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். புதுப்பிக்காம விட்ட அட்டை விபத்து நடந்தா உதவாது. அதனால பழைய அட்டை வெச்சிருக்கறவங்க தேதியையும் பாருங்க. வெளிமாநிலத் தொழிலாளர்களும் சேரலாம்.

முதல் 15 நாளுக்கு: சேர்ற அன்னிக்கே கூலி, சம்பள நாள், ஓவர்டைம், மழை நாள் கணக்கு நாலையும் ஒரு அட்டையில அவர் மொழியில எழுதி, மேஸ்திரி முன்னாடி படிச்சுக் காட்டுங்க. மூணாம் நாள் சின்னதா ஒரு செலவுக் காசு. முதல் சனிக்கிழமை கணக்கை நீங்களே உட்கார்ந்து கொடுங்க. புது ஆளை முதல் வாரத்துலயே வெளிச்சாரத்துல ஏத்தாதீங்க.

கையுறையும் பூட்ஸும் முதல் நாளே கொடுத்துடணும். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். கான்கிரீட்டுக்குள்ள வெறுங்காலோட நின்ன புது ஆளுக்கு ரெண்டு நாள்ல விரல் இடுக்கு வெந்துடும், அடுத்த நாள் வர மாட்டார், ஏன்னும் சொல்ல மாட்டார். துணிக் கையுறை கலவையில ஊறி இன்னும் மோசமாக்கும். ரப்பர் பூசினதா வாங்குங்க, முழங்கால் வரை பூட்ஸ், வேலை முடிஞ்சதும் கழுவ சோப்பும் நல்ல தண்ணியும், தேய்க்க ஒரு டப்பா தேங்காய் எண்ணெய். ஸ்லாப் போடற அன்னிக்கு பூட்ஸ் எத்தனை ஜோடி இருக்குன்னு எண்ணிட்டு, அப்புறம் ரெடி மிக்ஸ் வண்டிக்குப் போன் பண்ணுங்க.

சேலம்_கம்பி

ஒண்ணு சேர்த்துக்கோங்கண்ணே. புது ரேட்டை பி பிளாக்குல மட்டும் போடாதீங்க. ஏ பிளாக்ல மிச்சம் இருக்கற ஸ்லாப்புகளுக்கும் சேர்த்துப் போடுங்க. ஒரே சைட்ல பழைய ரேட்ல ஒருத்தன், புது ரேட்ல ஒருத்தன் இருந்தா பழையவன் மறுநாளே கிளம்பிடுவான். கிளம்பின ஒடிசா தம்பிகளோட சர்தாருக்கும் (கேங் தலைவர்) ஒரு போன் போடுங்க. 8 எம்எம்முக்குத் தனி ரேட்டுன்னு சொன்னா ரெண்டு மூணு பேராவது திரும்புவாங்க.